ஸ்பானிய 'தெனெர்' எதிர்காலத்தில்: 'இருக்கும்' உதவுகிற இடமும் காலை வாருகிற இடமும்

ஸ்பானியத்தில் எதிர்காலம் அமைப்பது சுலபம். அகராதியில் இருக்கும் வினையை வெட்டாமல் அப்படியே வைத்து ஏ (நான்), ஆஸ் (நீ), ஆ (அவர்), எமோஸ் (நாம்), எய்ஸ் (நீங்கள் எல்லாரும்), ஆன் (அவர்கள்) என்ற விகுதிகளில் ஒன்றைச் சேர்த்தால் போதும். வினை ஆர், எர், இர் என எதில் முடிந்தாலும் விகுதி மாறாது. ஒரு டஜன் வினைகளுக்கு மட்டும் அடிச்சொல் திரியும். அவற்றில் 'தெனெர்' (ஒன்றை உடையவராக இருத்தல்; தமிழில் 'எனக்கு இருக்கிறது' என்போமே, அது) வினையை முதலில் எடுத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. நேரம், பணம், வயது, பசி எல்லாவற்றுக்கும் இதுதான் வேண்டும்.

தெனெர் என்பதில் இரண்டாவது 'எ' விழுந்து, ன்-ர் இரண்டுக்கும் நடுவே ஒரு 'த்' நுழைகிறது. தெந்த்ரே, தெந்த்ராஸ், தெந்த்ரா, தெந்த்ரெமோஸ், தெந்த்ரெய்ஸ், தெந்த்ரான். 'தென்றல்' என்று சொல்லத் தெரிந்த நாக்குக்கு இந்தக் கூட்டொலி சிரமமே இல்லை. நடுவில் வரும் ஒலியைப் பல்லோடு ஒட்டிச் சொன்னால் சரி. விழுந்த 'எ'யை மறுபடி நுழைத்துத் 'தெந்தெரே' என்று சொல்லிவிடாதீர்கள். அது வேறு வினை, துணி காயப்போடுவேன் என்று பொருள்படும்.

அழுத்தம் கடைசி அசையில் விழ வேண்டும். தெந்த்ரெமோஸ் மட்டும் விலக்கு: அழுத்தம் 'ரெ'யில். அதனால்தான் எழுத்திலும் அதற்கு மட்டும் மேற்குறி கிடையாது. தமிழ்ப் பழக்கத்தில் முதல் அசையை ஊன்றினால் கேட்பவர் தடுமாறுவார்.

அதிகம் பிழை வந்தது ஒலியில் இல்லை, ஆள் மாறுவதில். எனக்கு நேரம் இருக்கும், உனக்கு நேரம் இருக்கும், அவங்களுக்கு நேரம் இருக்கும்: தமிழில் வினை அசையவே இல்லை, நேரம்தான் எழுவாய். ஸ்பானியத்தில் உடையவரே எழுவாய். தெந்த்ரே தியெம்போ, தெந்த்ராஸ் தியெம்போ, தெந்த்ரான் தியெம்போ. இதை மறந்தால் எல்லாருக்கும் 'தெந்த்ரா' போடுவோம், அல்லது 'எனக்கு' என்பதற்காக முன்னால் தேவையில்லாத ஒரு 'மே'யை ஒட்டுவோம். பலன் தந்த பயிற்சி: தமிழ் வாக்கியத்தை எழுதி, 'எனக்கு' என்பதை 'நான்' என்றும் 'உனக்கு' என்பதை 'நீ' என்றும் மாற்றிவிட்டுப் பிறகு வினையைத் தேடுவது. வரிசையாக ஒப்பித்தால் ராகம்தான் மனத்தில் நிற்கும். ஆட்களைக் கலைத்துப்போட்டுச் சொல்ல வேண்டும்.

அதே 'இருக்கும்' இன்னோர் இடத்தில் கைகொடுக்கிறது. 'அவருக்கு நாற்பது வயசு இருக்கும்' என்பது வருங்காலச் செய்தி அல்ல, இப்போதைய ஊகம். ஸ்பானியமும் இதற்கு எதிர்கால வடிவத்தையே எடுக்கிறது: தெந்த்ரா குவாரெந்தா ஆஞோஸ். இங்கே தமிழ்க் காதை நம்பலாம். 'போகவேண்டியிருக்கும்' என்பதும் அச்சாகப் பொருந்துகிறது: தெந்த்ரே கே இர் என்றால் நான் போகவேண்டியிருக்கும்.

'நேரம் இருக்கும்போது வர்றேன்' என்பதில் மட்டும் உஷார். 'இருக்கும்' காதில் விழுவதால் 'குவாந்தோ தெந்த்ரே' என்று வாய் போகும். இனி நடக்கப்போவதைச் சொல்லும் குவாந்தோவுக்குப் ('போது') பின், இன்னும் நடக்காததைக் குறிக்கும் தெனெரின் தனி வடிவமான 'தெங்கா' வர வேண்டும். 'நேரம் இருந்தால்' என்பதற்கு நிகழ்கால வடிவத்தில் 'சி தெங்கோ'. அங்கும் எதிர்காலம் ஆகாது.

அன்றாடப் பேச்சில், குறிப்பாக லத்தீன் அமெரிக்காவில், 'போ' என்ற வினையைத் துணைக்குச் சேர்த்த 'வோய் ஆ தெனெர்' என்பதே அதிகம் கேட்கும். அதற்காகத் தெந்த்ரே வேண்டாம் என்று விட்டுவிட முடியாது. மேலே சொன்ன வயது ஊகத்தை 'வா ஆ தெனெர்' என்று மாற்றினால் பொருள் போய்விடும். தெந்த்ரெய்ஸ் ஸ்பெயினில் பழகுவோருக்கு மட்டும் போதும்; மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் 'நீங்கள் எல்லாரும்' என்பதற்குத் தெந்த்ரான்தான்.

இந்த அடிச்சொல் கைவந்தால் மாந்தெனெர் (பராமரி), ஒப்தெனெர் (பெறு), தெதெனெர் (நிறுத்து) மூன்றும் கூடவே வந்துவிடும். வெனிர் (வா), போனெர் (வை), சாலிர் (வெளியே போ) ஆகியவற்றிலும் அதே 'த்' நுழைகிறது: வெந்த்ரே, பொந்த்ரே, சால்த்ரே. அடுத்துப் பழக வேண்டியது 'தெந்த்ரீயா', அதாவது 'அப்போது நாற்பது வயசு இருந்திருக்கும்' வகை. அடி அதேதான், விகுதி மட்டும் புதிது.