கனசாவா: ஈரம் உருவாக்கிய ஊர்

தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் கனசாவா வந்துவிடும். ஜப்பான் கடலோரம் என்பதால் குளிர்காலத்தில் இங்கே விழுவது ஈரம் கனத்த பனி. இந்த ஊரின் தோட்டமும் மண்சுவரும் கைத்தொழிலும் அந்த ஈரத்தை மனதில் வைத்தே உருவானவை. ஆகவே டிசம்பரில் போவதே நல்லது.

முதலில் கென்ரோகுஎன் தோட்டம். கிளையில் ஒட்டும் ஈரப்பனி, மரத்தையே முறித்துவிடும். அதற்குத்தான் யுகிட்சுரி: அடிமரத்தை ஒட்டி உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து வைக்கோற்புரிகளைக் குடைக்கம்பிகள் போல இறக்கி ஒவ்வொரு கிளையிலும் கட்டுகிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று கரசாகி பைன் மரத்தில் வேலை தொடங்கும். அந்த ஒரு மரத்துக்கே 5 கம்பங்கள், சுமார் 800 கயிறுகள். மார்ச் நடுவில் அவிழ்க்கத் தொடங்கிவிடுவார்கள்; ஏப்ரலில் போனால் இந்தக் காட்சி கிடையாது.

தோட்டத்தில் ஓடும் நீர் தட்சுமி வாய்க்காலிலிருந்து வருகிறது. 1631இல் ஊர் தீப்பிடித்து எரிந்த பிறகு, 1632இல் சாய் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வெட்டியது. இடையில் பள்ளம் குறுக்கிட்டும் நீர் மேட்டிலுள்ள கனசாவா கோட்டைக்கு ஏறியது. மூடிய குழாயில் இறங்கும் நீர், புறப்பட்ட மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை தானாகவே ஏறிவிடும் என்பதுதான் சூட்சுமம். தோட்டத்து நீரூற்றுக்கும் மோட்டார் இல்லை. மேலே உள்ள கசுமிகா குளத்தின் மட்டமே அதைச் சுமார் 3.5 மீட்டர் எழுப்புகிறது. குளம் தாழ்ந்தால் ஊற்றும் தாழும்.

நகருக்குள் 55 வாய்க்கால்கள், மொத்தம் சுமார் 150 கி.மீ. கார் நிறுத்துவதற்காகக் காங்கிரீட் போட்டு மூடிய பல இடங்களை நகராட்சி மறுபடி திறந்துவிட்டது. நகரத் திட்டமிடலில் இதைவிடத் துணிச்சலான வேலை எனக்குத் தெரியவில்லை. பழைய சாமுராய் குடியிருப்பான நாகமாச்சியில் ஓனோஷோ வாய்க்காலை ஒட்டி நடங்கள். அங்கே நொமுரா என்ற சாமுராய் குடும்பத்து வீட்டின் தோட்டத்துக்குள்ளும் அதே நீர்தான் ஓடுகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை அங்குள்ள மண்சுவர்களில் வைக்கோற்பாய் தொங்கும். படத்துக்கு இடைஞ்சல் என்று தோன்றலாம். பாய் இல்லாவிட்டால் சுவர் குடித்த பனிநீர் உறைந்து விரிந்து மண்ணை உதிர்த்துவிடும்.

கடைசியாகத் தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லிய தங்கத் தாள். ஜப்பானின் ரேக்கில் சுமார் 99 விழுக்காடு இங்கேதான் தயாராகிறது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. காற்று உலர்ந்தால் நிலைமின்சாரம் ஏறி ரேக்கு கண்டதிலும் ஒட்டும். இந்த ஊரின் ஈரம் அதைத் தடுக்கிறது. ரேக்கை மூங்கில் இடுக்கியால்தான் எடுக்கிறார்கள், மூங்கில் சட்டத்தால்தான் வெட்டுகிறார்கள்.

பழைய தேநீர் விடுதிகள் நிறைந்த ஹிகாஷி சாயா பகுதியில், பட்டறைகளில் நீங்களே ஒட்டிப் பார்க்கலாம். தட்டில் வடிவத்தை மட்டும் விட்டு மற்ற இடத்தை டேப்பால் மறைத்து, பசையை மெல்லியதாகப் பூசித் துடைத்து, ரேக்கை வைத்துப் பஞ்சால் ஒற்ற வேண்டும். பசை கூடினால் தங்கம் மங்கிவிடும். ரேக்கை இறக்கும்போது மூச்சை அடக்குங்கள். பெருமூச்சு ஒன்று போதும், அது சுருண்டு மடிந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது.