ஆள் இல்லாத வீட்டில் ஃபானும் ஏசியும் தானாக நிற்க: வட்டக்கச்சியில் செய்து பார்த்தது

டொரண்டோவில் அக்கா வீட்டில் எல்லோரும் வெளியே போனால் ஹீற்றர் தானாக 21 பாகையிலிருந்து 17க்கு இறங்கிவிடும். முழுதாக நிறுத்துவதில்லை, மாரியில் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடும். வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் வெப்பம் எவ்வளவு வேறுபடுகிறதோ அந்த அளவுக்குச் சூடு வெளியே கசியும். உள்ளே இறக்கினால் கசிவும் இறங்கும். நாளுக்கு 8 மணித்தியாலம் 4 முதல் 5.5 பாகை வரை குறைத்தால் ஆண்டுச் செலவில் 10 வீதம் வரை மிச்சம் என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் சொல்கிறது.

வன்னியில், கிளிநொச்சிப் பக்கம் எங்கள் வட்டக்கச்சியில், கணக்கு தலைகீழ். சூடு வெளியிலிருந்து உள்ளே வருகிறது, உறைகிற குழாயும் கிடையாது. ஆகவே ஆள் இல்லாவிட்டால் முழுதாக நிறுத்தலாம். எங்கள் வீட்டில் ஒரு அறையில் 12,000 பிடியு ஏசி, மற்ற இடங்களில் சீலிங் ஃபான். 75 வாட் ஃபான் ஒன்று வெறும் வீட்டில் தினமும் 8 மணித்தியாலம் சுற்றினால் மாதம் 18 யூனிட். சின்னத் தொகை போலத் தெரியும். ஆனால் எங்கள் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60 யூனிட்டைத் தாண்டினாலே கட்டண அட்டவணை மாறிவிடும், நிலைக்கட்டணமும் கூடும். அந்த 18 யூனிட்டில் படி மாறுகிற வீடுகள் நிறைய.

நிறுத்துவது இலேசு. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மென்பொருள், ஒவ்வொரு ஃபானுக்கும் ஈஎஸ்பி8266 என்ற வைஃபைச் சில்லு ஒன்று, அது சொன்னபடி மின்னை விட்டு நிறுத்தும் ரிலே ஒன்று. ஏசிக்கு ரிமோட்டின் சமிக்ஞையை அனுப்பும் அகச்சிவப்பு எல்ஈடி. உண்மையான வேலை, வீட்டில் ஆள் இல்லை என்று எப்படி அறிவது என்பதுதான்.

போன் வைஃபையில் இருக்கிறதா என்று பார்ப்பது பலர் சொல்லும் வழி. திரை அணைந்து சற்று நேரத்தில் சில போன்கள் வைஃபையை விட்டுவிடும். புதுப் போன்கள் வைஃபையில் தங்களை அடையாளம் காட்டும் மாக் முகவரியை மாற்றிக் காட்டும். அதை எங்கள் வைஃபைக்கு மட்டும் நிறுத்திவைக்கலாம். அதைவிடப் பெரிய தடை, அம்மம்மாவிடம் போன் இல்லை. அப்பா வயலில், அம்மா சந்தையில், நான் கிளிநொச்சியில் வேலையில், தங்கச்சி பள்ளிக்கூடத்தில் என்றால் போன் கணக்குப்படி வீடு வெறுமை. ஆனால் சீற் கூரையின் கீழ் கட்டிலில் ஒரு கிழவி படுத்திருக்கிறார். அவருக்கு வெக்கையில் காற்று நின்றுபோகக்கூடாது. இந்த முயற்சி முழுவதும் இந்த ஒரு நிபந்தனையைச் சுற்றித்தான்.

அடுத்து எச்.சி.எஸ்.ஆர்.501 என்ற மலிவான அசைவு உணரியைப் பூட்டிப் பார்த்தேன். இரவில் நன்றாக வேலை செய்தது. பங்குனி வெயிலில் மத்தியானம் அம்மம்மா சத்தம் போட்டார்: "மோனை, ஃபான் நிண்டு போச்சுது, என்னெண்டு பார்." அசையாமல் படுத்திருப்பவரை அது காணாது என்பது தெரிந்த விஷயம். ஆனால் நடந்து போனாலும் பிடிக்கத் தாமதித்தது. காரணம் வெயில். அந்த உணரி பார்ப்பது உடலின் வெப்பத்துக்கும் பின்னால் உள்ள சுவரின் வெப்பத்துக்கும் இடையிலான வேறுபாட்டை. தோல் ஏறத்தாழ 33, 34 பாகை; மத்தியான வேளையில் எங்கள் அறைச் சுவரும் அதே அளவுக்கு வந்துவிடும். குளிர்தேசத்தில் எழுதப்பட்ட செய்முறைகளில் இந்தப் பிரச்சினை வருவதே இல்லை.

பிறகு எல்டி2410 ரேடார். 24 கிகாஹேர்ட்ஸ் அலையை அனுப்பி, மூச்சு விடும்போது நெஞ்சு எழுந்து தாழ்வதைக்கூடப் பிடிக்கும். வெக்கை அதற்குப் பொருட்டில்லை. ஆனால் சுற்றும் ஃபானும் அதற்கு அசையும் ஆள்தான். ஃபானை நிறுத்தும் உணரியே ஃபானைப் பார்த்து "ஆள் இருக்கு" என்று நின்றது. நல்ல வேளையாக அது தூரத்தை 0.75 மீற்றர் துண்டுகளாகப் பிரித்துப் பார்க்கிறது. கட்டிலுக்குக் கிட்ட, ஃபானுக்கு எட்டத்தில் சுவரில் வைத்து, 2.25 மீற்றருக்கு அப்பால் உள்ள துண்டுகளை எல்லாம் அணைத்துவிட்டேன். விறாந்தையில் அம்மம்மா இருக்கும் கதிரைக்கும் ஒன்று அப்படியே.

மூன்றாவது சாட்சி வாசல் கதவு. நிலையில் காந்தச் சுவிட்ச் ஒன்று. கதவு மூடிய பின் உள்ளே அசைவு உண்டா என்று பார்க்கும் முறையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். கதவு எப்போதும் மூடியே இருக்கும் தேசங்களுக்கு அது சரி. எங்கள் ஊரில் விடியத் திறந்த கதவு பொழுதுபடும் வரை திறந்தே கிடக்கும். அதையே பயன்படுத்தினேன்: பகலில் முன்கதவு மூடியிருந்தால் வீட்டில் ஆள் இல்லை என்பதற்கு அதைவிட வலுவான அடையாளம் கிடையாது. எனக்கு இந்த முயற்சியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இப்போது விதி இப்படி. பகலில் கதவு மூடி, ரேடார் இரண்டும் வெறுமை காட்டி, போன்களும் இல்லாமல் 20 நிமிடம் போனால்தான் எல்லாம் நிற்கும். இரவில் கதவு கணக்கில் இல்லை. ரேடார்களும் போன்களும் ஒரு மணித்தியாலம் ஒத்துச் சொல்ல வேண்டும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வீடே கிளம்பிப் போன இரவில் அம்மா ஏசியைப் போட்டபடி விட்டிருந்தார். போனில் பார்த்துக்கொண்டிருந்தேன், சொன்னபடி நின்றது.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ரிலேயில் ஃபான் வயரை, ரிலேக்கு மின் இல்லாதபோது மூடியிருக்கும் முனையில் கொடுங்கள். அப்போது ஈஎஸ்பி செத்து ரிலேக்கு மின் போகாமல் விட்டாலும் சுவரில் உள்ள சுவிட்ச்படி ஃபான் சுற்றும். கரண்ட் நின்று வரும்போது ஈஎஸ்பியில் வயர் கொடுக்கும் கால்களில் சில தாமாகத் துடிக்கும். பலகையில் டி1, டி2 என்று குறித்த கால்கள் அமைதியானவை, ரிலேயை அவற்றில் கொடுங்கள். ஹோம் அசிஸ்டன்ட் எழும்பி வரும் வரை உணரியின் நிலை தெரியாது என்றிருக்கும். தெரியாது என்றால் ஆள் இருக்கிறார் என்றே எழுதி வைத்திருக்கிறேன். 230 வோல்ட் வயரிங்கை மின்வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, ரிலேயை மூடிய பெட்டிக்குள் வையுங்கள். மின் கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் முதல் செலவு அதுதான்.

குசினிப் பக்கக் கதவுக்கு இன்னும் காந்தம் போடவில்லை. ஆனி, ஆடியில் சோளகம் பலமாக வீசும்போது அறைத் திரை ரேடாருக்கு முன்னால் ஆடும். கட்டில் பக்கத் துண்டுகளில் அசைவென்று எடுக்கும் குறைந்த அளவை ஏற்றி, மூச்சென்று எடுக்கும் அளவை அப்படியே விட்டுப் பார்க்கப்போகிறேன்.