தம்பியின் சொல்வதெழுதல் கொப்பி

இந்தப் பங்குனியில் என் தம்பி ஊரில் காலமானான். அவனும் நம் பள்ளிப் பழைய மாணவன்தான். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டதால் எந்தப் பள்ளி மலரிலும் அவன் பெயர் வந்ததில்லை. காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடிய மெலிந்த பெடியன் என்றால் 1970களில் படித்த சிலருக்கு ஞாபகம் வரலாம்.

அந்தத் தேவாரங்களில் ஒன்றைக்கூட அவன் புத்தகம் பார்த்துப் படித்ததில்லை. எல்லாம் காதால் கேட்டுப் பிடித்தவை. சமய பாடத்தில் கேள்வி கேட்டால் முதலில் எழும் கை அவனுடையது. பரீட்சைத் தாளில் பாதிக்கு மேல் வெறுமையாக இருக்கும். கரும்பலகையைப் பார்த்து எழுதினால் மணி அடிக்கும்போதும் இரண்டாம் வரியில் நிற்பான். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சச் சொல்லை ஊகித்து வாசிப்பான். ஊகம் பிழைத்தால் வகுப்பு சிரிக்கும். வாசிப்பு முறை தன் வாங்குக்கு நெருங்கும்போது தண்ணீர் குடிக்கப் போவான். தமிழ்ப் பாடம் உள்ள நாட்களில் காலையிலேயே வயிற்றுக்குத்து. அம்மா ஓமத்தண்ணீர் கொடுப்பா.

சொல்வதெழுதல் கொப்பியில் ‘தோட்டம்’ ஒரே பக்கத்தில் ‘தேட்டம்’, ‘தொட்டம்’, ‘தோடம்’ என்று மூன்று விதமாக இருக்கும். கொம்பு எழுத்துக்கு முன்னால், அரவு பின்னால், உயிரொலியோ மெய்க்குப் பிறகு. நமக்குத் தானாக வந்த இந்தக் கணக்கை அவன் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

1974இல் ஒருநாள் தமிழ் ஆசிரியர் என்னை என் வகுப்பிலிருந்து கூப்பிட்டனுப்பினார். நான் எழுதும் தமிழ் அவர் தந்தது. இன்றும் அவரை நினைத்தால் கை கூப்பத் தோன்றும். தம்பி எழுந்து நின்றுகொண்டிருந்தான். அவன் வாசிக்கத் தவறிய பந்தியை என்னிடம் நீட்டி, “தம்பிக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டும்” என்றார். பிறகு வகுப்பைப் பார்த்து, “ஒரே வயித்தில பிறந்ததுகள்” என்றார்.

நான் வாசித்தேன். ஓரிடத்தில்கூடத் தடுக்காமல், ஏற்ற இறக்கத்தோடு, அவர் மெச்ச வேண்டும் என்றே வாசித்தேன். பின்னேரம் வழக்கம்போல் என் சைக்கிள் பாரில் இருந்து வந்த தம்பி, வீடு வரும் தறுவாயில், “நல்லா வாசிச்சனீங்கள் அண்ணா” என்றான்.

போன வருடம் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் என் பேரனின் முதலாம் வகுப்பு ஆசிரியை மகளை அழைத்தார். ‘கேட்’ (cat) என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு முறையாகப் பரிசோதித்தார்கள். டிஸ்லெக்சியா. புத்திக் குறைவு இல்லை, சோம்பலும் இல்லை. சொல்லை ஒலிகளாகப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில்தான் சிரமம். குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்று கேட்டார்களாம். மகள் அதை என்னிடம் வந்து கேட்டாள்.

ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணையம் 2022இல் வாசிக்கும் உரிமை பற்றிய விசாரணை அறிக்கையில், பாலர் வகுப்பிலிருந்தே எல்லாப் பிள்ளைகளையும் சோதித்துப் பார்க்கச் சொன்னது. பேரனுக்கு அந்தச் சோதனை காலத்தோடு கிடைத்துவிட்டது. ஆனால் 1896இலேயே பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். பெர்சி என்ற தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதியவன் அவன். பாடமெல்லாம் வாய்வழி நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றாராம் அவன் ஆசிரியர். அதை வாசித்தபோது எனக்குத் தேவாரம்தான் கேட்டது.

1984இல் நான் இங்கே வந்துவிட்டேன். மாதம் தவறாமல் வீட்டுக்கு நீல எயார்மெயில் எழுதினேன். பதிலில் அம்மாவின் எழுத்துதான் இருக்கும். அம்மா போன பிறகு அதுவும் நின்றது. தம்பிக்கு என்மேல் பாசம் விட்டுப்போயிற்று என்று நினைத்து நானும் எழுதுவதைக் குறைத்தேன். அப்படிக் கோபித்த ஆண்டுகளை என்னால் இப்போது திருப்பி எடுக்க முடியாது.

செத்தவீட்டுக்குப் போயிருந்தபோது பெறாமகள், தம்பியின் மகள், ஒரு பிஸ்கட் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். என் கடிதங்கள். அப்பம்மா போன பிறகு வந்தவற்றை அப்பா உடைக்காமலே வைத்திருந்தாராம். இவளின் அம்மாவிடம்கூடக் கொடுக்கவில்லையாம். இவள் எழுத்துக்கூட்டப் பழகியதும், பின்னேரங்களில் விறாந்தையில் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்.