மூணு சக்கரம் போயி ஒண்ணு

ரெண்டு வாரமா மண்டைக்குள்ள ஓடுறது ஒண்ணே ஒண்ணுதான், எம்டிபிக்கு, அதான் மலையேத்த சைக்கிளுக்கு, கியர் செட் மாத்துறது. பழசு முன்னாடி மிதிகிட்ட மூணு பல்சக்கரம், 42-32-22 பல்லு, பின்னாடி 8 ஸ்பீடு, அதாவது எட்டு பல்சக்கரம், 11லேர்ந்து 32 பல்லு வரைக்கும். கண்மாய்க்கரை செம்மண் புழுதி ஆயிலோட சேந்து செயின்ல மிளகாத் துவையல் மாதிரி அப்பிருச்சு, செயின் தேஞ்சு நீண்டுபோயி அழுத்தி மிதிச்சா டக் டக்னு பல்லு தாண்டுது.

மொதல்ல ஆசப்பட்டது ஷிமானோ டியோரே 12 ஸ்பீடு, 10-51. அதுக்கு மைக்ரோ ஸ்ப்லைன்ங்கிற புது மாதிரி ஃப்ரீஹப் (பின் சக்கரத்து நடுவுல பல்சக்கரங்க ஏறுற உருளை) வேணுமாம், நம்மகிட்ட இருக்கது எச்ஜிங்கிற பழைய மாதிரி, அப்ப ஹப்புக்கும் செலவு, சுண்டக்கா கால் பணம் சுமகூலி முக்கா பணம் கததான். அதே டியோரேல 11 ஸ்பீடு எம்5100 மாடலோட 11-51 கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) எச்ஜிலயே ஏறிரும், அதையே முடிவு பண்ணிட்டேன். மைக்ரோஷிஃப்ட் கம்பெனியோட அட்வென்ட் எக்ஸ் 11-48ம் ஏறும்தான், ஆனா இங்குட்டு கடைல ஸ்பேர் கேட்டா முழிப்பாங்க.

முன்னாடி 32 பல்லு நேரோ வைடு (செயின் கழலாம இருக்க ஒரு பல்லு ஒல்லி, ஒரு பல்லு தடி) ஒண்ணே ஒண்ணு. முன்பல்ல பின்பல்லால வகுத்து வர்றது கொறையக் கொறைய மிதிக்க லேசு. ஏத்தத்துல 32/51, அதாவது 0.63, பழைய 22/32 0.69 வருது, அதவிட லேசுதான். ஆனா திருமயம் ரோட்டுல காத்து பின்னாலேர்ந்து தள்ளுறப்ப 42/11 குடுத்த வேகம் இனி வராது, அது கொஞ்சம் வருத்தந்தான். நம்ம பக்கம் ஏத்தம்னா கண்மாய்க்கரையும் மேம்பாலமும்தானேங்காதீங்க, சிறுமலை போணும்ல!

"மூணு சக்கரத்தக் கழட்டிட்டு ஒண்ணு மாட்டுறதுக்கு இம்புட்டுக் காசாப்பா?"ன்னு அப்பச்சி கேட்டாங்க, பதில் வரல. ஆத்தாவுக்கு அதெல்லாம் இல்ல, முகப்புல ஆத்தங்குடிக் கல்லுத் தரைல சொட்டுன கிரீஸ் கறைதான் கவல, தேங்காயெண்ணெ தொட்டுத் தேச்சுக்கிட்டுதான் இதையே டைப் பண்றேன்.