பார்த்திவபுரம் சாலை: 95 இடம், ஒரு தேதிக் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் புதுக்கடைக்கும் முஞ்சிறைக்கும் பக்கத்தில் இருக்கும் பார்த்திவபுரம் பெருமாள் கோயிலைப் பலருக்குத் தெரியும். அதோடு சேர்ந்து ஒரு சாலையும் இருந்தது. சாலை என்றால் ரோடு அல்ல, சாப்பாடும் தங்குமிடமும் தந்த உயர்கல்விக்கூடம்.

ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறை ஊர்ச் சபையாரிடமிருந்து உழக்குடிவிளை என்ற நிலத்தை மாற்று நிலம் கொடுத்து வாங்கி, காந்தளூர்ச் சாலை என்ற இன்னொரு கல்விக்கூடத்தின் முறைப்படி இதை அமைத்தான். இதைப் பற்றிய அவனது செப்பேடு சொல்லும் மாணவர் இடங்கள் 95: பவிழியருக்கு 45, தைத்திரியருக்கு 36, தலவகாரருக்கு 14. மூன்றும் வேதப் பிரிவுகள். சேருவதற்கே இலக்கணமும் மீமாம்சையும் (வேதத்துக்குப் பொருள் காணும் சாத்திரம்) தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ‘பள்ளிக்கூடம்’ என்று எழுதுவது பொருந்தாது. சாலையின் கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது என்றும் விதி. (விதி போட வேண்டியிருந்தது என்பதே ஒரு சேதி!)

சாலை அமைந்த ஆண்டைக் கணக்கிடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். செப்பேட்டில் இருப்பது கலிநாள் 14,49,087, அதாவது கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாள். அதை 365.25-ஆல் வகுத்தால் 3967 ஆண்டு, மிச்சம் 140 நாள். கலி தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி 18. நேராக 3102-ஐக் கழித்தால் 865 வரும், தப்பு. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ய ஆண்டு கிடையாது. 3101-ஐத்தான் கழிக்க வேண்டும். கி.பி. 866, ஜூலை 8 வாக்கில்.