திஸ் இஸ் அமெரிக்கா வீடியோல நம்ம கண்ணு எங்க போகுதுனு பாருங்க

விஸ்காம் படிக்கிற பசங்க மியூசிக் வீடியோ பத்தி எழுதுன அசைன்மென்ட்ட எனக்கு அனுப்பி கொஞ்சம் பாத்து சொல்லுங்கனு கேப்பாங்க. முக்காவாசி ஒரே மாதிரிதான் இருக்கும், "இந்த வீடியோ பெண்கள நெகட்டிவா காட்டுது", "இது கறுப்பின மக்கள பாசிட்டிவா காட்டுது", அவ்ளோதான், ரெப்ரசன்டேஷன், அதாவது மீடியா ஒரு கூட்டத்த எப்படி காட்டுதுங்கிற விஷயம், முடிஞ்சுபோச்சு. அப்படி எழுதுறவங்க எல்லாருக்கும் நான் சொல்றது ஒண்ணுதான், சைல்டிஷ் காம்பினோவோட திஸ் இஸ் அமெரிக்கா வீடியோவ எடுத்து வச்சுக்கிட்டு இது பாசிட்டிவா நெகட்டிவானு சொல்லிப் பாருங்க. சொல்லவே முடியாது.

2018 மே மாசம் வந்துச்சு. காம்பினோங்கிறது நடிகர் டொனால்ட் க்ளோவர் பாட்டுக்குனு வச்சுக்கிட்ட பேரு, டைரக்டர் ஹிரோ முராய், டான்ஸ் அமைச்சது ஷெர்ரி சில்வர், ருவாண்டால பிறந்து இங்கிலாந்துல வளர்ந்தவங்க. 2019 கிராமில பெஸ்ட் மியூசிக் வீடியோ உட்பட நாலு விருது வாங்குச்சு.

ஆரம்பத்த மட்டும் மெதுவா பாப்போம். ஒரு பெரிய காலி குடோன். ஒருத்தர் வந்து சேர்ல உக்காந்து கிட்டார் வாசிக்கிறாரு, மியூசிக் சந்தோஷமா, கோரஸோட போகுது. கேமரா அப்படியே நகந்து போனா முதுக காட்டிக்கிட்டு நிக்கிறாரு காம்பினோ, மேல சட்டை இல்ல, கழுத்துல செயின், மெல்ல உடம்ப ஆட்ட ஆரம்பிக்கிறாரு. நாமளும் கூடவே தலைய ஆட்டுறோம். அவரு ஆடிக்கிட்டே வந்து பின்னாடி கைய விட்டு துப்பாக்கிய எடுத்து, ஒரு பக்கமா இடுப்ப வளைச்சு முட்டிய மடக்கி ஒரு போஸ் குடுத்து சுடுறாரு. கிட்டார்காரர் இப்போ தலைல சாக்குப்பைய மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு, கிட்டாரும் கைல இல்ல. சுட்ட நொடியில பாட்டு அடியோட மாறி ட்ராப்னு சொல்ற ராப் வகையோட கனமான பீட் இறங்குது. ஒரு பையன் ஓடி வந்து சிவப்பு துணில துப்பாக்கிய பத்திரமா வாங்கிக்கிறான், பிணத்த தரதரனு இழுத்துட்டுப் போறாங்க.

மீடியா லாங்குவேஜ், அதாவது காட்சியும் சத்தமும் அர்த்தம் சொல்ற விதம்னு சொல்றது இந்த மாதிரி விஷயத்தத்தான். துப்பாக்கிக்கு பட்டுத்துணி மாதிரி மரியாதை, மனுஷனுக்கு தரையில இழுவை, இந்த ரெண்டையும் ஒரே ஃப்ரேம்ல வச்சா ஒரு வார்த்தை பேசாமலே அர்த்தம் வந்துடுது. பிரெஞ்சு சிந்தனையாளர் ரோலன் பார்த் சொன்ன டினோட்டேஷன் (கண்ணுக்கு நேரா தெரியிறது), கனோட்டேஷன் (அது மறைமுகமா உணர்த்துறது) ரெண்டுக்கும் இத விட சுலபமா உதாரணம் குடுக்க முடியாது. அந்த போஸும் சும்மா இல்ல, 1830கள்ல டி.டி.ரைஸ்னு ஒரு வெள்ளைக்காரர் மூஞ்சில கரி பூசிக்கிட்டு மேடைல ஆடுன ஜிம் க்ரோங்கிற கேரக்டரோட பழைய படங்கள்ல இருக்கிற போஸ்தான்னு நிறைய பேர் சொன்னாங்க, பக்கத்துல வச்சு பாத்தா எனக்கும் அப்படித்தான் தெரியுது. பின்னாடி அமெரிக்காவோட இனப் பிரிவினை சட்டங்களுக்கே அந்த பேருதான் வந்துச்சு.

இங்கதான் ஸ்டூவர்ட் ஹால் வர்றாரு. ஜமைக்கால பிறந்து பிரிட்டன்ல வேலை செஞ்ச மீடியா, கலாச்சார ஆய்வாளர், 1997ல வந்த ரெப்ரசன்டேஷன் புத்தகத்துல ஸ்டீரியோடைப்ப, அதாவது ஒரு கூட்டத்துல எல்லாரும் இப்படித்தான்னு முத்திரை குத்துற பிம்பத்த, எதிர்க்க மூணு வழி இருக்குனு எழுதுறாரு. ஒண்ணு, அப்படியே தலைகீழா மாத்துறது, எழுபதுகள்ல கறுப்பின ஹீரோ வச்சு வந்த ஆக்‌ஷன் படங்கள் மாதிரி. ரெண்டு, கெட்ட பிம்பத்துக்கு பதிலா நல்ல பிம்பத்த வைக்கிறது. நம்ம பசங்க எல்லாரும் இந்த ரெண்டாவதுலயே நின்னுடுறாங்க. மூணாவது, ஸ்டீரியோடைப்புக்கு உள்ளயே போயி, அத நாம எப்படி பாக்குறோம்ங்கிற பழக்கத்தையே உறுத்த வைக்கிறது. இந்த வீடியோ அந்த மூணாவது. ஆடி மகிழ்விக்கிற கறுப்பினத்தவர், துப்பாக்கி வச்சிருக்கிற கறுப்பினத்தவர், அமெரிக்க டிவி காலகாலமா காட்டுன இந்த ரெண்டு பிம்பத்தையும் ஒரே உடம்புல வச்சு, மூஞ்சில சிரிப்பையும் வச்சு அனுப்புறாங்க.

அத சாதிக்கிறது கேமராதான். கட் ரொம்ப கம்மி, கேமரா காம்பினோ பின்னாடியே சுத்துது, ஸ்கூல் யூனிஃபார்ம்ல பசங்க கூட ஆடுறாங்க, எல்லாம் முன்னாடி ஃபோகஸ்ல தெளிவா. பின்னாடி ஆளுங்க ஓடுறாங்க, கார் எரியுது, கறுப்பு துணி போட்ட ஒருத்தர் வெள்ளைக் குதிரைல போறாரு, மேல உக்காந்து முகமூடி போட்ட பசங்க ஃபோன்ல எல்லாத்தையும் படம் புடிக்கிறாங்க. முதல் தடவ பாக்குறவங்க பெரும்பாலும் குதிரைய பாத்திருக்கவே மாட்டாங்க. டான்ஸ் அவ்ளோ நல்லா இருக்கு, கண்ணு அங்கேயே நிக்குது. நடுவுல சர்ச் கொயர், அதாவது பாட்டுக் குழு, ஒண்ண ஒரே வீச்சுல சுட்டுத் தள்ளுறாரு, 2015ல அமெரிக்காவோட சார்ல்ஸ்டன் ஊர்ல கறுப்பின மக்களோட சர்ச்ல ஒன்பது பேர கொன்ன சம்பவம் உடனே ஞாபகம் வரும், ஆனா அவரு நிக்காம நடந்து போறாரு, கேமராவும் கூடவே போகுது, நாமளும் போயிடுறோம். அந்த "நாமளும்" ரொம்ப முக்கியம். யாரு குத்தவாளினு வீடியோ கேக்கல, உன் கண்ணு எங்க இருந்துச்சுனு கேக்குது.

கறுப்பினத்தவரோட சாவ காட்சிப் பொருளா ஆக்கிட்டாங்க, ஏற்கனவே வலிக்கிறவங்களுக்கு இது இன்னொரு அடினு விமர்சனம் வந்துச்சு, அத நான் தள்ளிவிட மாட்டேன். மூணாவது வழில அந்த ஆபத்து இருக்கவே இருக்கு, பழைய பிம்பத்த காட்டித்தான் அத உடைக்கணும், உடையாம அப்படியே தங்கிட்டா என்ன பண்றது? வெளியாகி கொஞ்ச நாள்லயே ஒருத்தர் இந்த டான்ஸுக்கு வேற ஒரு ஜாலியான பாப் பாட்ட ஒட்டிப் போட, பீட் கச்சிதமா பொருந்தி அது பாட்டுக்கு வைரல் ஆச்சு, பாத்தவங்கள்ல பாதி பேர் சிரிச்சாங்க, மீதி பேர் கொதிச்சாங்க. ஹால் 1973ல எழுதுன என்கோடிங் டிகோடிங் கட்டுரை இதத்தான் சொல்லுது, படைச்சவர் வச்ச அர்த்தத்துலயேதான் பாக்குறவர் எடுத்துக்குவாருனு கட்டாயம் இல்ல. அசைன்மென்ட் எழுதுறவங்க அந்த மிக்ஸையும் சேத்து எழுதுங்க, வீடியோவோட சவுண்ட ஆஃப் பண்ணிட்டு பின்னாடி நடக்குறத மட்டும் ஒரு தடவ பாத்துட்டு.