பாய்மரப் படகில் தியோமான்: சிலிண்டரைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்

ஜூன் பள்ளி விடுமுறைக்குப் சிங்கப்பூரில் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, மலேசியாவின் தியோமான் தீவுக்கு டைவ் (கடலடி நீச்சல்) செய்யப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "படகில் எத்தனை காற்று சிலிண்டர் ஏற்றலாம்?" என்பதுதான். ஒன்றுகூட வேண்டாம் என்பதே எங்கள் பதில். கடலடிக்கு உங்களைக் கூட்டிப்போக தியோமானில் டைவ் கடைகள் இருக்கின்றன. அவர்களுடைய படகு உங்கள் படகருகே வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், திரும்பக் கொண்டுவந்து விடும்படி பேசி வைத்துவிட்டால் பயணத்தில் பாதித் தலைவலி குறைந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். வழக்கமான 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர் காலியாக இருக்கும்போதே 14 கிலோ இருக்கும். 200 பார் (அழுத்த அலகு) வரை காற்று நிரப்பினால் ஏறக்குறைய 17 கிலோ. ஆறு பேர், ஆளுக்கு இரண்டு டைவ் என்றால் 12 சிலிண்டர், 200 கிலோவுக்கு மேல். படகு காற்றில் ஒரு பக்கம் சாயும்போது அத்தனையும் உருளாமல் கட்டி வைக்க வேண்டும். இது ஒரே நாளுக்கான காற்றுதான். மறுநாளுக்கு, காற்றை அழுத்தி நிரப்பும் கம்ப்ரஸர் தேவை. நிமிடத்துக்கு 100 லிட்டர் தரும் சிறிய கம்ப்ரஸர், 50 பாரில் இருக்கும் சிலிண்டரை 200 பாருக்குக் கொண்டுவர 1,665 லிட்டர் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கே 17 நிமிடம் ஆகும். இடையிடையே தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் நேரத்தையும் சேர்த்தால் சிலிண்டருக்கு 20 நிமிடம். பன்னிரண்டுக்கும் நான்கு மணி நேரம் ஓயாத இரைச்சல்.

இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம், புகையைப் பொறுத்துக்கொள்ள முடியாது. கட்டிப்போட்ட படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப திரும்பிக்கொண்டே இருக்கும். நிரப்பத் தொடங்கும்போது காற்று வரும் பக்கம் இருந்த கம்ப்ரஸரின் உறிஞ்சுகுழாய், அரை மணி நேரத்தில் ஜெனரேட்டர் புகைக்கு எதிரே வந்து நிற்கலாம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆழம் கூடக் கூட அதன் பகுதி அழுத்தமும் (மூச்சுக் காற்றின் அழுத்தத்தில் அந்த வாயுவின் பங்கு) கூடும். மேலே தலைவலி தரும் அளவு 20 மீட்டரில் மயக்கமே தரக்கூடும்.

இனி ஏற்பாடு. தேதியும் இடமும் கடையோடு பேசி முடிவான பிறகே படகின் பாதையை வகுக்க வேண்டும். பலர் படகைப் பிடித்துவிட்டு, தீவுக்குப் போய்ச் சேர்ந்தபின் கடையைத் தேடுகிறார்கள். விடுமுறை வாரத்தில் அப்போது இடம் கிடைக்காது. முதல் செய்தியிலேயே இவ்வளவும் எழுதிவிடுங்கள்: எத்தனை பேர், ஒவ்வொருவரின் சான்றிதழ் நிலை, கடைசியாக டைவ் செய்த மாதம், உயரம், எடை, காலணி அளவு. சொந்த ரெகுலேட்டர் (சிலிண்டரில் மாட்டும் மூச்சுக் கருவி) கொண்டுபோனால் அது நுகத்தடி (yoke) வகையா, திருகு (DIN) வகையா என்பதையும் சேர்க்க வேண்டும். இங்கெல்லாம் நுகத்தடி வகை சிலிண்டர்தான் அதிகம். திருகு வகை வைத்திருப்பவர் சிறிய அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

பிறகு உங்கள் படகின் பெயர், நீளம், நிறம், எந்தக் கட்டுமிதவையில் (படகைக் கட்டி நிறுத்தும் மிதவை) நிற்கும், வானொலியில் எந்த அலைவரிசையில் அழைக்கலாம் என்பதையெல்லாம் தெரிவிக்க வேண்டும். சில கடைகள் பாய்மரப் படகின் பக்கவாட்டில் வந்து ஒட்ட மறுக்கும். அதைக் குறை சொல்ல முடியாது. இரண்டு படகும் வெவ்வேறு தாளத்தில் ஆடும்போது நடுவில் கால் சிக்கினால் எலும்பு முறியும். அப்படியானால் ரப்பர் படகில் தியோமானின் தெக்கெக் கிராமப் படகுத்துறைக்குப் போய் ஏறிக்கொள்ளலாம். கடையின் கருவிகளையே வாங்கிக்கொண்டால் ரப்பர் படகில் ஈயக்கட்டியும் கூரான கொக்கிகளும் ஏறாது, ஓட்டையும் விழாது.

பருவம் பற்றிச் சுருக்கமாக: மார்ச் முதல் அக்டோபர் வரை போகலாம். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் தீவில் பல விடுதிகளும் கடைகளும் மூடிவிடும். தீபாவளி நீண்ட வார இறுதியை இதற்கென ஒதுக்குகிறவர்கள், பண்டிகை எந்தத் தேதியில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சீனப் புத்தாண்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சாங்கிப் பக்கமிருந்து தெக்கெக் ஏறத்தாழ 100 கடல் மைல். 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் 17 மணி நேரம். பிற்பகலில் புறப்பட்டு, பெட்ரா பிராங்காவின் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை வலப்பக்கம் விட்டு வடக்கே திரும்பினால் காலையில் தீவு தெரியும். ஜோகூரின் கிழக்குக் கரையோரம் இரவில் மீன்வலைகள் கிடக்கும், முறைவைத்து விழித்திருந்து பார்க்க வேண்டும். இதனாலேயே சேர்ந்த அன்று காலை டைவ் வைக்காதீர்கள். தூக்கமில்லாமல், வாந்தி எடுத்து, உடலில் நீர்ச்சத்து வற்றிப்போய் இருப்பவருக்கு அழுத்த நோய் (ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடலில் வாயுக் குமிழிகள் உண்டாவது) வரும் வாய்ப்பு கூடும். வாந்தி மாத்திரைகள் சிலருக்கு மந்தமும் தரும். அந்த நாளைக் குடிநுழைவு வேலைகளுக்கும் தூக்கத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது குடிநுழைவு அனுமதியோடு துறைமுக அனுமதிச் சான்றிதழையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மலேசியத் துறைமுகத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். தெக்கெக்கில் குடிநுழைவு, சுங்க அலுவலகங்கள் உண்டு. தெற்கே உள்ள அவுர், டாயாங் தீவுகளில் கிடையாது. தண்ணீர் அங்கே தெளிவாக இருக்கிறதே என்று நேராக அங்கு போய் இறங்குவது சட்டப்படி சிக்கல். வெள்ளிக்கிழமை தொழுகைக்கான மதிய இடைவேளை நீண்டது, அந்த நேரத்தில் போய் நிற்க வேண்டாம். குழுவில் சிங்கப்பூர்க் குடிமக்களும் இந்தியக் கடப்பிதழ்க்காரர்களும் கலந்திருந்தால், பின்னவர்கள் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்ப வேண்டும். கடல் பூங்காக் கட்டணம் தனி.

பூங்கா எல்லைக்குள் பவளத்தின் மேல் நங்கூரம் போடக் கூடாது, கட்டுமிதவையைத்தான் பிடிக்க வேண்டும். பிடித்ததும் யாராவது முகமூடியோடு இறங்கி அதன் கயிற்றையும் சங்கிலியையும் பார்த்துவிட வேண்டும். தெக்கெக் மேற்கு நோக்கிய கரை. விடியலுக்கு முன்போ காலையிலோ வரும் சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் நேராக அங்கேதான் அடிக்கும். ஆகவே எல்லாரும் டைவுக்குப் போய்விட்டுப் படகை வெறுமனே விடுவது கூடாது. எஞ்சினைக் கிளப்பி, கயிற்றை அவிழ்த்து, படகைத் தனியாக ஓட்டத் தெரிந்த ஒருவர் எப்போதும் மேலே இருக்க வேண்டும். குழுவை இரண்டாகப் பிரித்து ஒரு பாதி காலையிலும் மறு பாதி பிற்பகலிலும் போவது இதற்கு வசதி.

முதல் டைவை ரெங்கிஸ் என்ற குட்டித் தீவருகே வையுங்கள். தெக்கெக்குக்குப் பக்கம், ஆழம் குறைவு, ஆமையும் கருநுனிச் சுறாவும் கண்ணில் படும் வாய்ப்பு உண்டு. ஈய எடை சரியா, முகமூடி ஒழுகுகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். செபே, லாபாஸ் பாறைக் குகைகளும் டைகர் ரீஃபும் அதற்குப் பிறகுதான். டைகர் ரீஃபில் நீரோட்டம் திடீரென்று பிடிக்கும். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவர் அங்கே 56 லிட்டர் வாங்குவார். 150 பார் காற்று அரை மணி நேரத்துக்குத்தான் வரும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் அதுவும் வராது.

சொந்தப் படகிலிருந்து இறங்கியே தீர வேண்டுமென்றால், பின்புறத்திலிருந்து 30 மீட்டர் மிதக்கும் கயிறு ஒன்றை நுனியில் மிதவையோடு விடுங்கள். நீரோட்டம் இழுத்தாலும் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். ஆள் தண்ணீருக்கடியில் இருப்பதைக் காட்டும் ஆல்ஃபா கொடியை ஏற்றிவிட்டு, எஞ்சின் சாவியைக் கழற்றி மேலே இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். கழிவறைப் பம்பையும் யாரும் தொடக் கூடாது, ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. பாய்மரப் படகின் ஏணி குளிப்பவருக்காகச் செய்தது, முதுகில் சிலிண்டரோடு ஏறினால் வளையும். தண்ணீரிலேயே கழற்றிக் கயிற்றில் மாட்டி மேலே இழுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த இழுக்கும் வேலையை டைவ் முடித்தவர் செய்யக் கூடாது. ஆழத்திலிருந்து வந்த கையோடு பாய்க்கயிற்றை இழுக்கும் வின்ச்சைச் சுற்றுவதும் பாயை ஏற்றுவதும் உடலில் குமிழிகளைக் கிளப்பிவிடக்கூடிய வேலைகள். டைவ் செய்யாதவர்களிடம் விட்டுவிடுங்கள்.

அழுத்த நோய்க்கு முதலுதவியாக ஆக்சிஜன் இருக்கிறதா என்று கடையிடம் கேட்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு என்றும் கேளுங்கள். 400 லிட்டர் பாட்டில், நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் அரை மணி நேரம்கூட நிற்காது. பெருநிலத்துத் துறைமுகமான மெர்சிங் போய்ச் சேர அதைவிட அதிக நேரமாகும். சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் அந்த நோய்க்குச் சிகிச்சை தரும் உயரழுத்த அறை உண்டு. ஆனால் தீவிலிருந்து அங்கே வர எல்லை தாண்ட வேண்டும். எனவே டைவ் காப்பீடு தனியாக வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஆழ வரம்பு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் பயணத்தில் தென்மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும், எஞ்சினில்தான் வர வேண்டியிருக்கும். டீசலுக்கு அதற்கேற்பக் கணக்கிடுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையைத் தீவில் இணையம் கிடைக்கும்போதே நிரப்பிவிடலாம். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். படகிலேயே வருபவர்களுக்கு அந்த நேரம் கடலிலேயே பெரும்பாலும் கழிந்துவிடும். ஃபெரியில் மெர்சிங் இறங்கி அன்றிரவே சென்னைக்குப் பறக்கும் விருந்தினருக்குத்தான் கணக்கு இடிக்கும், அவர்களுடைய கடைசி டைவை முந்தைய நாளோடு முடித்துவிடுங்கள். மெர்சிங்கிலிருந்து காரில் நேராகக் கேமரன் மலைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், 1,500 மீட்டர் உயரமும் விமானத்துக்குள் இருப்பது போன்ற அழுத்தக் குறைவுதான், அங்கேயும் அதே காத்திருப்பு.